கைபேசியைப் பூட்டுவதற்கு முன் ஒரு தாள்

களப்பணியாளர்களுக்குக் கைபேசி கொடுத்து வேலை வாங்கும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், கணினிப் பிரிவினருக்கும்:

விற்பனைப் பிரதிநிதியின் சட்டைப்பையில் இருக்கும் கைபேசிக்குள் உங்கள் விலைப்பட்டியல் இருக்கிறது. டீலர்களின் நிலுவைக் கணக்கும் அலுவலக மின்னஞ்சலும் இருக்கின்றன. வங்கி ஓ.டி.பி. அனுப்புவது உங்கள் கணக்காளரின் கைபேசிக்குத்தான், ஜி.எஸ்.டி. தளம் அனுப்புவதும் அங்கேதான். கிடங்கில் பார்கோடு ஸ்கேன் செய்வதும், லாரி ஓட்டுநர் சரக்கு இறக்கியதற்குக் கையெழுத்து வாங்குவதும் கைபேசியில்தான். அந்தக் கருவி பேருந்தில் தவறிப்போனால் அதன் விலை பெரிதல்ல; அதைக் கண்டெடுத்தவர் அதன் வழியாக எங்கெல்லாம் நுழைய முடியும் என்பதுதான் கவலை. ஆகவே எல்லாக் கைபேசிகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளை, எம்.டி.எம். என்று உங்கள் கணினிப் பிரிவு சொல்வதை, நீங்கள் வாங்குவதில் பிழை இல்லை. வாங்காமல் இருப்பதுதான் பிழை.

வாங்கிய பிறகு நடப்பவற்றைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. உங்கள் பணியாளர்கள் இதை உங்களிடம் சொல்லமாட்டார்கள். கைபேசியைக் கையில் கொடுத்து, திரையில் வருவதற்கெல்லாம் ‘சம்மதம்’ கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேள்விகள் பிறகு டீக்கடையில் எழும்: ஞாயிற்றுக்கிழமை நாம் எங்கே போகிறோம் என்று மேனேஜருக்குத் தெரியுமா? மனைவி அனுப்பும் படங்கள் ஆபீசில் யார் கண்ணிலாவது படுமா? இவற்றுக்கு விடை தெரியாமலேயே பல நிறுவனங்களில் இந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. பல சமயம் வாங்கியவர்களுக்கே விடை தெரியாது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1999இல் பிளாக்பெரியின் அலுவலக சர்வர் மென்பொருள் வெளிவந்தபோது கருவியும் மின்னஞ்சலும் முழுக்க முழுக்க நிறுவனத்துடையவை. தொலைந்தால் அழித்துவிடலாம், அழிவதில் வேலை சம்பந்தமில்லாதது பெரிதாக எதுவும் இருக்காது. 2007இல் ஐபோன் வந்தது. அதன் பின்னாலேயே ஆண்ட்ராய்டும் வந்தது. பணியாளர்கள் தங்கள் சொந்தக் கருவியிலேயே அலுவலக மின்னஞ்சலைப் பார்க்கத் தொடங்கினார்கள். 2010இல் ஆப்பிளும் கூகுளும் நிறுவனங்கள் கைபேசிகளுக்குக் கட்டளையிடும் வழியைத் தத்தம் இயங்குதளங்களில் திறந்துவிட்டன. பிளாக்பெரி காலத்தில் நிறுவனக் கருவிக்காக எழுதப்பட்ட அதிகாரம் அப்படியே குழந்தையின் பிறந்தநாள் படங்கள் இருக்கும் கருவியின் மேல் வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு பத்தாண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையில் நடந்த நல்ல மாற்றங்கள் பெரும்பாலும் அந்தத் தவறைச் சரிசெய்ய வந்தவைதான். உங்களிடம் உள்ள மென்பொருளில் அந்த மாற்றங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு சர்வர் இருக்கிறது. அதன் கட்டுப்பாட்டுத் திரையைக் கன்சோல் என்கிறார்கள். ஒவ்வொரு கைபேசியும் அந்த சர்வரில் பதிவு செய்யப்படுகிறது. புதிய ஆண்ட்ராய்டு கைபேசியை முதன்முறை இயக்கும்போது வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யும் வசதி திறக்கும். அதன் வழியாகக் கருவி முழுவதும் நிறுவனத்தின் கைக்குப் போய்விடும். ஐபோன் என்றால் ஆப்பிளின் நிறுவனக் கணக்கில் வாங்கும்போதே இணைத்துவிடலாம். அதன் பிறகு கன்சோலில் உட்கார்ந்திருப்பவர் திரைப்பூட்டு எண் கட்டாயம் என்று விதிக்கலாம். ஒரு செயலியை எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் நிறுவலாம், வேறொன்றைத் தடுக்கலாம். கருவியைப் பூட்டலாம், அழிக்கலாம். மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் ஆனாலும், சென்னையைச் சேர்ந்த ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் ஆனாலும் அடிப்படை இதுதான். கைபேசிக்குள் உண்மையில் கட்டளையை நிறைவேற்றுவது ஆண்ட்ராய்டும் ஐ.ஓ.எஸ்.ஸும். அவை அனுமதிக்காத எதையும் எந்த எம்.டி.எம். விற்பனையாளரும் உங்களுக்குத் தர முடியாது. அப்படித் தருவதாகச் சொன்னால் அவர் விற்பது வேறு சரக்கு.

‘அழிக்கும் பொத்தான் இருக்கிறது, கவலையில்லை’ என்று நினைப்பவர்கள் உங்களில் உண்டு. அழிக்கும் கட்டளை கைபேசி இணையத்தில் இருந்தால்தான் போய்ச் சேரும். திருடியவர் முதலில் செய்வது கருவியை அணைப்பதும் சிம்மை உருவுவதும்தான். கட்டளை சர்வரிலேயே காத்துக் கிடக்கும். அந்த இடைவெளியில் உங்கள் தரவைக் காப்பது நல்ல திரைப்பூட்டும், அதனோடு இணைந்த குறியாக்கமும். ஆகவே 1234 என்ற பூட்டு எண்ணை ஏற்காதபடி விதி வைப்பது அழிக்கும் பொத்தானைவிட மேலான பாதுகாப்பு. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன மலிவுக் கைபேசிகளை மொத்தமாக வாங்கி அதன்மேல் எம்.டி.எம். போடுவது ஓட்டைப் பானைக்கு மூடி செய்வது போன்றது. கைபேசி வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், இந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு வரும் என்று கேளுங்கள். எல்லாக் கருவிகளின் ஐ.எம்.இ.ஐ. எண்களையும் தனியே எழுதி வையுங்கள். தொலைந்தால் காவல்துறையில் புகார் பதிந்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் வழியாக அந்த எண்ணை முடக்க அது வேண்டும்.

இனி, எது தெரியும், எது தெரியாது என்பது. பணியாளரின் சொந்தக் கைபேசியில் ஆண்ட்ராய்டின் பணிப் பகுதியை, அதாவது ஒர்க் புரொஃபைலை, அமைத்தால் கருவிக்குள் இரண்டு தனி உலகங்கள் உண்டாகும். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் இந்த வசதி உண்டு. அலுவலகச் செயலிகளின் மேல் சிறிய பெட்டிச் சின்னம் இருக்கும். நிறுவனத்தின் அதிகாரம் அந்தப் பகுதிக்குள் மட்டும் செல்லும். வெளியே உள்ள படங்களும், குறுஞ்செய்திகளும், செயலிகளும் நிறுவனத்துக்குத் தெரியாது. பணியாளர் விலகினால் பணிப் பகுதி மட்டும் அழியும். மாலையில் வேலை முடிந்ததும் அந்தப் பகுதியைப் பணியாளரே நிறுத்திவைக்கலாம். 2020இன் ஆண்ட்ராய்டு 11 முதல், நிறுவனம் வாங்கிக் கொடுத்த கைபேசியிலும் இதே பிரிவினையை வைத்துச் சொந்தப் பகுதியை மறைவாக விடலாம். கருவி தொலைந்தால் முழுவதையும் அழிக்கும் உரிமை அப்போதும் உங்களிடம் இருக்கும். ஐபோனில் 2019இல் வந்த ஐ.ஓ.எஸ். 13 முதல், சொந்தக் கருவிகளுக்கென்று தனிப் பதிவு முறை உண்டு. அதில் நிறுவனத்தால் கருவி முழுவதையும் அழிக்க முடியாது, அதன் வரிசை எண்ணைக்கூட அறிய முடியாது. நிறுவனத்தின் முழுக் கண்காணிப்பில் உள்ள ஐபோனில்கூட எம்.டி.எம். மூலம் குறுஞ்செய்திகளையோ படங்களையோ பார்க்க முடியாது. தொலைந்ததாக அறிவித்தால்தான் இருப்பிடம் கிடைக்கும். அப்படி எடுக்கப்பட்டது பிறகு கருவியைப் பயன்படுத்துபவருக்குத் தெரிவிக்கப்படும்.

முழுக்க நிறுவனக் கட்டுப்பாட்டில் வைத்த ஆண்ட்ராய்டின் கதை வேறு. அதில் எந்தெந்தச் செயலிகள் இருக்கின்றன என்ற பட்டியல் உங்களுக்கு வரும். இருப்பிடத்தை நாள் முழுவதும் எடுக்க வழி செய்துகொள்ளலாம். விற்பனையாளர் உங்கள் அறைக்கு வந்து செயல்விளக்கம் காட்டும்போது முதலில் திறப்பது பெரும்பாலும் அந்த வரைபடத்தைத்தான்: மதுரையில் ஒரு புள்ளி, தேனியில் ஒரு புள்ளி, ஒவ்வொன்றும் ஒரு பணியாளர். பாதுகாப்புக்காக மென்பொருள் வாங்க உட்கார்ந்தவர் அந்த நொடியில் வேறொன்றை வாங்கத் தொடங்குகிறார். தரவைக் காப்பது ஒரு வேலை, ஆளைக் கண்காணிப்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒரே திரையில் வந்துவிட்டதால் இரண்டுக்கும் ஒரே நியாயம் போதும் என்று ஆகிவிடாது.

இந்தக் கண்காணிப்புச் சிக்கல் இந்தியாவில் வெளிப்படையாகவே வெடித்திருக்கிறது. 2021இல் ஹரியானாவில் அரசு கொடுத்த கைபேசிகளில் எம்.டி.எம். 360 ஷீல்டு என்ற செயலியை நிறுவச் சொன்னபோது ஆஷா பணியாளர்கள் மறுத்துப் போராடினார்கள். எங்கே போகிறோம் என்பதை எந்நேரமும் பார்க்கலாம், கருவிக்குள் தொலைவிலிருந்து கைவைக்கலாம் என்பதே அவர்கள் அச்சம். ஊக்கத்தொகைக்காக வீடு வீடாக நடக்கும் பெண்கள் அவர்கள். அந்த மென்பொருள் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று நிறுவுவதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து தெளிவாகப் பேசியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. அல்லது அந்தப் பேச்சிலேயே எந்த வசதியைக் கைவிட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

அமெரிக்காவிலும் இப்படி வழக்குகள் வந்திருக்கின்றன. கலிபோர்னியாவில் பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் பெண் விற்பனை அலுவலர், வேலை நேரத்துக்கு வெளியிலும் தன்னைப் பின்தொடர்ந்த இருப்பிடச் செயலியை நீக்கியதற்காகத் தன்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்று 2015இல் வழக்குத் தொடுத்தார். டெக்சாஸ் வழக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. வீடு கட்டி விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர் தன் சொந்த ஐபோனை அலுவலக சர்வரோடு இணைத்திருந்தார். அவர் விலகியதும் நிறுவனம் கருவி முழுவதையும் அழித்துவிட்டது. குடும்பப் படங்களும் தொடர்பு எண்களும் போயின. 2014இல் ஃபெடரல் நீதிமன்றம் ஃபெடரல் சட்டங்களின் கீழ் அவர் எழுப்பிய கோரிக்கைகளை நிராகரித்தது. அந்தச் சட்டங்கள் இப்படிப்பட்ட இழப்புக்கு எழுதப்பட்டவை அல்ல என்பதே காரணம். நிறுவனம் வென்றது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. கருவி முழுவதையும் தொடாமல் அலுவலகத் தரவை மட்டும் நீக்கியிருந்தால் வழக்கே இருந்திருக்காது என்று படிப்பதே சரி.

சட்டம் உங்கள் பக்கம் என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். ஓரளவு உண்மைதான். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலை சார்ந்த நோக்கங்களுக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் பணியாளரின் தரவைத் தனிச் சம்மதம் இல்லாமல் கையாள இடம் தருகிறது. வணிக ரகசியம் காப்பதை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலுக்குப் போன பணியாளரின் இருப்பிடம் எந்த வேலை நோக்கத்தில் அடங்கும் என்று நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொல்லியாகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், ருமேனியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பணியாளரின் செய்திகளைக் கண்காணிப்பதாயின் அவருக்கு அது முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதா, எந்த அளவுக்கு என்பதையெல்லாம் எடைபோட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. அதன் தர்க்கம் எங்கேயும் பொருந்தும். இன்னொன்று: திரட்டிய தரவைப் பாதுகாக்கத் தவறினால் இந்தியச் சட்டத்தின்படி அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தேவையில்லாத இருப்பிடத் தரவைச் சேர்த்து வைப்பது உங்கள் தலையில் நீங்களே ஏற்றிக்கொள்ளும் சுமை.

பணியாளரைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கன்சோலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆயிரம் கைபேசிகளைக் காக்கும் சர்வர், ஆயிரம் கைபேசிகளையும் ஒரே நொடியில் அழிக்கக்கூடிய சர்வரும்கூட. 2024 ஆகஸ்ட் 4 அன்று சிங்கப்பூரில் அது நடந்தது. பள்ளி மாணவர்களின் ஐபேடுகளையும் குரோம்புக்குகளையும் நிர்வகித்த மொபைல் கார்டியன் என்ற மென்பொருளின் அமைப்புக்குள் ஊடுருவல் நிகழ்ந்தது. 26 உயர்நிலைப் பள்ளிகளின் சுமார் 13,000 மாணவர்களுடைய கருவிகள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. நகல் எடுத்து வைக்காத மாணவர்களின் பாடக்குறிப்புகள் போயின. பிறகு கல்வி அமைச்சு அந்தச் செயலியையே எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கியது. 2023 ஜூலையில் நார்வேயின் 12 அமைச்சகங்கள் பயன்படுத்திய தளத்துக்குள் நுழைந்தவர்கள், இவான்டியின் கைபேசி மேலாண்மை சர்வரில் இருந்த, அதுவரை வெளியே தெரியாத ஓட்டை வழியாகத்தான் வந்தார்கள். கடவுச்சொல்லே தேவைப்படாத ஓட்டை அது.

இந்தியாவைத் தொட்ட நிகழ்வு இன்னும் நுட்பமானது. 2018 ஜூலையில் சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக் குழு வெளியிட்டதன்படி, யாரோ சொந்தமாக ஒரு எம்.டி.எம். சர்வரை நடத்தி, இந்தியாவில் இருந்த 13 ஐபோன்களை அதில் இணைத்து, வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகளின் திருத்தப்பட்ட பதிப்புகளை அவற்றில் திணித்திருந்தார்கள். ஐபோனில் எந்த ஓட்டையும் பயன்படுத்தப்படவில்லை. பயன்படுத்தியவரின், அல்லது கருவியைக் கையில் வைத்திருந்தவரின், ‘சம்மதம்’ போதுமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பை அனுப்பி ‘இதைத் தட்டி எல்லாவற்றுக்கும் அலவ் கொடுங்கள்’ என்று உங்கள் கணினிப் பிரிவு சொல்லும்போது, பணியாளர்கள் பழகிக்கொள்வது அந்த 13 பேருக்கு வந்த ஆபத்தைத்தான். பதிவு அலுவலகத்தில் நேரில் மட்டுமே நடக்கும், வேறு வழியில் வரும் எந்த அழைப்பும் மோசடி என்று ஒரு விதி வையுங்கள்.

உங்கள் கன்சோலுக்குள் நுழையும் கணக்குகள் எத்தனை? பல நிறுவனங்களில் ஒன்றுதான். அதன் கடவுச்சொல் கணினிப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும், ஆறு மாதத்துக்கு முன் விலகியவருக்கும் தெரியும். அட்மின் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும், இரண்டாம் படிச் சரிபார்ப்பு வேண்டும். மொத்தமாக அழிக்கும் கட்டளைக்கு இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால், அழிக்கும் உரிமையையாவது ஒன்றிரண்டு கணக்குகளுக்குச் சுருக்குங்கள். சர்வரை நீங்களே நடத்துகிறீர்கள் என்றால் புதுப்பிப்பு வந்த வாரமே போடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: ஆப்பிளின் அறிவிப்புச் சான்றிதழை ஆண்டுதோறும் அதே கணக்கில் புதுப்பிக்க வேண்டும். அதைத் தன் சொந்த ஆப்பிள் கணக்கில் தொடங்கியவர் வேலையைவிட்டுப் போய், சான்றிதழ் காலாவதியாகிவிட்டால், எல்லா ஐபோன்களையும் பணியாளர்களிடமிருந்து திரும்பப் பெற்று முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியதுதான். நிறுவனத்தின் பெயரில் தனி மின்னஞ்சலோடு ஒரு கணக்கு தொடங்க அரை மணி நேரம் போதும்.

எம்.டி.எம்.மின் கை எட்டாத இடமும் உண்டு, அது வாட்ஸ்அப். தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர நிறுவனங்களில் ஆர்டர் வருவதும், விலை பேசுவதும், பில்லின் படம் போவதும் பணியாளரின் சொந்த எண்ணில் இருக்கும் வாட்ஸ்அப்பில்தான். மின்னஞ்சலுக்குப் பத்துப் பூட்டு போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறீர்கள். பணிப் பகுதிக்குள் நிறுவன எண்ணில் தனியாக வாட்ஸ்அப் பிசினஸ் வைக்கலாம். சிம் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆள் மாறினாலும் எண்ணும் வாடிக்கையாளரும் உங்களோடு இருப்பார்கள், அவருடைய உறவினர் குழுக்கள் அவரோடு போகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களிடம் கேட்பது ஒரு தாள். பணியாளருக்குக் கைபேசி கொடுப்பதற்கு முன், அல்லது அவருடைய கைபேசியில் எதையும் நிறுவுவதற்கு முன், அதை அவர் கையில் கொடுங்கள். வழக்கறிஞரின் ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம் வேண்டாம். அவர் படிக்கும் தமிழில் ஒரு பக்கம். உங்கள் நிறுவனம் இந்தக் கைபேசியில் எவற்றைப் பார்க்கும் என்று அதில் பெயர் சொல்லி எழுதுங்கள். படங்கள், செய்திகள், அழைப்புகள், உலாவிய பக்கங்கள் என்று பார்க்காதவற்றையும் எழுதுங்கள். இருப்பிடம் எடுப்பீர்கள் என்றால் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, யார் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். அதை எழுத உட்காரும்போதே பாதி நிறுவனங்கள் இருப்பிடப் பதிவை அணைத்துவிடும். எந்தச் சூழ்நிலையில் அழிப்பீர்கள், எந்தப் பகுதியை அழிப்பீர்கள், யார் ஒப்புதலோடு என்பதும் அதில் வர வேண்டும். கைபேசி தொலைந்தால் நள்ளிரவிலும் அழைக்க ஒரு எண்ணும் வேண்டும். உடனே சொல்பவருக்குத் திட்டோ சம்பளப் பிடித்தமோ கிடையாது என்ற வரியையும் சேருங்கள். அது இல்லாவிட்டால், தொலைந்த செய்தி உங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் வரும்.

சொந்தக் கைபேசியாக இருந்தால் பணிப் பகுதிக்கு மேல் எதுவும் கேட்காதீர்கள். அதற்கும் ஒருவர் மறுத்தால் அவருக்கு நிறுவனக் கைபேசி கொடுங்கள். மறுத்ததை அவர் மேல் குறையாகக் குறிக்க வேண்டாம். விலகும் நாளில் கணக்கு முடிக்கும் மேசையிலேயே, அவர் கண்முன், நிறுவனப் பகுதியை நீக்கி, நீக்கியதாக இருவரும் கையெழுத்திட்டு ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். புதிதாக வாங்கப்போகிறவர்கள் இந்தத் தாளை முதலில் எழுதிவிட்டுப் பிறகு விற்பனையாளரை அழையுங்கள். ஏற்கெனவே கைபேசிகளைக் கொடுத்துவிட்டவர்கள் அடுத்த சம்பளச் சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.